யாரு பார்ட்டி?

ஜோனாஸ் மேகாஸ் என்ற லிதுவேனியாக்காரர் 1944-இல் ஊரை விட்டுப் போனவர். 1971-இல்தான் திரும்பிப் போய், வயதான அம்மாவையும் சொந்த ஊரையும் ஒரு போலெக்ஸ் கேமராவில் படம்பிடித்தார். அவரிடம் யாரும் "வீட்டை விக்கப் போறியா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. காரைக்குடிப் பக்கம் கேட்பார்கள்.

எங்கள் பூர்வீக வீட்டில் 11 புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள் 11. முகப்பும், நடு முற்றமான வளவும் எல்லோருக்கும் பொது. சுற்றியுள்ள அறைகள் மட்டும் பங்கு பிரித்தவை, சாவிகள் ஊருக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. வீட்டில் இருப்பது அப்பத்தா மட்டும்தான். அவரைப் பேசவைத்து எடுக்கலாம் என்று போனேன்.

சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினால், அப்பத்தா பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக வியர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார். "எங்க மாமனார் பர்மாவுல வட்டிக்கடை வச்சிருந்தாக..." பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் என்று டூரிஸ்ட் கைடு சொல்வது ஒன்று பாக்கியில்லை. கேமராவை அணைத்ததும், "உங்க ஐயா இந்தத் தூணுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சு சுருட்டுக் குடிப்பாக. எங்க மாமியா மோப்பம் பிடிச்சுருவாக" என்றார். அவசரமாக மறுபடி போட்டேன். "எங்க மாமனார் பர்மாவுல..."

மறுநாள் காலையில் கோயம்புத்தூர்ச் சித்தப்பா போனில் வந்தார். "ரூம் ரூமா எடுக்கிறியாமே, யாரு பார்ட்டி?" இல்லை சித்தப்பா, சும்மா ஞாபகத்துக்கு என்றேன். "ஞாபகத்துக்கு எதுக்குடா தூணைக் கிட்டப் போய் எடுக்கிற?" மதியத்துக்குள் செய்தி பினாங்கு வரை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் சாவியோடு வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் சேர்ந்ததில்லை. அறைகளைத் திறந்தால், எனாமல் தூக்குவாளி யார் பங்கு என்பதில் ஆரம்பித்து, 30 வருடத்துக்கு முன் ஊறுகாய் ஜாடியை உடைத்தது யார், அடி வாங்கியது யார் என்று போனது. கேமரா ஓடுவதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதில் பர்மா ஒரு இடத்திலும் வரவில்லை.

சாயங்காலம், முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தூண் மட்டும் தனியா தருவீங்களா ஆச்சி?" என்றார்.

"தூணு கெடக்கட்டும்" என்றார் அப்பத்தா, என் ட்ரைபாடைக் காட்டி. "இந்த மூணு காலு சாமான் என்ன வெலைக்குப் போகும்?"