ஸா கூமி

தான்சானியாவில் தார் எஸ் சலாமுக்கு வேலைக்கு வந்து எட்டு மாசமாகியும் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பது ஊரில் பெரிய கௌரவப் பிரச்னையாகிவிட்டது. செரெங்கெட்டிக்குத்தான் எல்லாரும் போகிறார்களே, நாம் ருவாஹா தேசியப் பூங்காவுக்குப் போவோம் என்று முடிவெடுத்தது நான். இரிங்கா வரை சுமார் 500 கி.மீ. தார் ரோடு. அதற்கப்புறம் நூறு கி.மீ.க்கு மேல் மண் ரோடு. வண்டியோடு ஒரு டிரைவரையும் பிடித்தாயிற்று. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று போனில் கேட்டேன். "ஸா கூமி" என்றார். பின்னால் "உசீகு" என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, அதை நான் சட்டை செய்யவில்லை.

கூமி என்றால் பத்து. எட்டு மாசத்தில் நான் கற்ற சுவாஹிலியே ஒன்றிலிருந்து பத்து வரைதான். "பத்து மணிக்குத்தான் வர்றாராம், நிதானமா புளியோதரை கிளறு" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை 4 மணிக்கு வாசலில் ஹாரன்.

சுவாஹிலிக்காரர்கள் மணியை எண்ணத் தொடங்குவது சூரியன் உதிக்கும்போது. நம் 7 மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. மாலை ஆறுக்கு மேல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் இரவின் பத்தாவது மணி, நம் கடிகாரத்தில் 4. உசீகு என்றால் இரவு. இதையெல்லாம் டிரைவர் பொறுமையாக விளக்க, நான் லுங்கியோடு கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஜாதகத்துல உதயாதி நாழிகைன்னு போட்டிருக்குமே, அதேதாங்க. எங்க தாத்தா இருந்திருந்தா சரியா நாலு மணிக்குக் குளிச்சு ரெடியா இருந்திருப்பார்" என்றாள். டிரைவர் அவளைப் பார்த்து, "போலே சானா, மாமா" என்றார். ரொம்பக் கஷ்டம்தான் அம்மா என்று ஆறுதல் சொல்வது. அம்மாவுக்கு இங்கே மாமாதான். ஐந்து நாளும் அவள் மாமா.

மொரோகொரோ தாண்டினால் மிகுமி. நெடுஞ்சாலையே தேசியப் பூங்காவுக்குள் 50 கி.மீ. போகிறது. நிறுத்தாமல் போனால் டிக்கெட் கிடையாது. எந்த மிருகத்தை அடித்தால் எவ்வளவு அபராதம் என்று ஹோட்டல் விலைப்பட்டியல் மாதிரி போர்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் கூச்சல் போட, பக்கத்தில் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஊருக்குள் வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது. மாமரத்தடியில் வெள்ளை யூனிஃபார்மில் போலீஸ், கையில் வேகம் பார்க்கும் கருவி. எங்கள் டிரைவர் 49-லேயே போனார். வழியெல்லாம் ஊர்தான்.

இரிங்காவில் தூங்கி, மறுநாள் மண் ரோடு. ரோடு அல்ல அது, தகரக் கூரையைத் தரையில் விரித்த மாதிரி வரிவரியாக மடிப்பு. பேசினால் வார்த்தை நாலாக உடைந்து வருகிறது. பின் சீட்டில் டப்பா மூடி கழன்று, புளியோதரையிலிருந்த வேர்க்கடலை மட்டும் தனியே பிரிந்து வண்டி முழுக்க ஓடியது.

பூங்காவுக்குள் நுழைந்ததும் கடி ஆரம்பித்தது. செட்ஸே ஈ. நம்மூர் மாட்டீ மாதிரி, ஆனால் ஜீன்ஸைத் தாண்டிக் கடிக்கும். மனைவியை ஒன்றும் செய்யவில்லை, என்னை மட்டும் மொய்த்தது. ஏன் என்று கேட்டதற்கு, டிரைவர் ஒரு மரத்தில் தொங்கிய துணியைக் காட்டினார். பாதி நீலம், பாதி கறுப்பு. செட்ஸேக்கு அந்த இரண்டு நிறமும் உயிராம். அதனால் அந்தத் துணியில் மருந்து தடவித் தொங்கவிட்டு ஈயை இழுக்கிறார்கள். பிறகு என் சட்டையைப் பார்த்தார். நீலம். ஜீன்ஸையும் பார்த்தார். கறுப்பு. மருந்து ஒன்றுதான் பாக்கி.

யானைகள் தந்தத்தால் குடைந்த பாவோபாப் மரங்கள், ருவாஹா ஆற்று மணலில் சிங்கக் குடும்பம் எல்லாம் பார்த்தோம். போட்டோ ஊருக்குப் போய்விட்டது, கௌரவம் காப்பாற்றப்பட்டது.

திரும்பும்போது, "அந்த ரோட்டுல இனி நான் வரமாட்டேன்" என்றாள் மாமா. ம்செம்பே ஓடுதளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் செஸ்னா குட்டி விமானத்தில் இரண்டு சீட் போட்டேன். ஓடுதளம் என்றால் சீராக்கிய மண் தரை. அதில் இம்பாலா மான்கள் மேய, எங்கள் டிரைவர்தான் வண்டியை நீளத்துக்கும் ஓட்டி விரட்டினார். ஆளுக்கு 15 கிலோ, மெத்துப் பை மட்டும்தான், சக்கரம் வைத்த சூட்கேஸ் ஏறாது என்றார்கள். எங்களிடம் இருந்தது சக்கரம் வைத்த சூட்கேஸ் மட்டும்தான். துணிப்பையில் நாலு உருப்படியைத் திணித்துக்கொண்டு, சூட்கேஸை டிரைவரோடு ரோடு வழியாக அனுப்பினோம்.

மதியம் வீட்டு வாசலில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. சாவி சூட்கேஸின் பக்க ஜிப்பில்.

டிரைவருக்குப் போன் போட்டேன். இப்போதுதான் இரிங்கா தாண்டினாராம். எப்போது வருவீர்கள் என்றேன். "டென் ஓ கிளாக்" என்றார், இங்கிலீஷில்.

நான் தேறிவிட்டேன் அல்லவா? "பத்துன்னா நாலு. விடிகாலைதான் வருவார்" என்று மனைவியிடம் கணக்குச் சொன்னேன். உபாங்காவில் நண்பர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மூன்றரைக்கு அலாரம் வைத்துப் படுத்தோம்.

இரவு சரியாகப் பத்துக்குப் போன். "பாஸ், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். நீங்க எங்கே?"

"நீங்கதானே டென்னுன்னு..."

"உங்க டென்தான் சொன்னேன். உங்களுக்கு எங்க டைம் புரியலைன்னுதானே இங்கிலீஷ்ல சொன்னேன்!"

ஆட்டோவில் போகும்போது மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். "உதயத்துலேர்ந்து பதினாறு மணி நேரம். இப்ப நாற்பது நாழிகைங்க. அடுத்த தடவை அதுலயே கேளுங்க."