மீதி அஞ்சு

போன வாரம் அம்மாவுக்குப் புது சிம் வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆதார், கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து நம்பர் தேர்ந்தெடுக்கும்போது அம்மா ஒரே நிபந்தனை போட்டார், கூட்டினால் ஒன்பது வரணும். கடைத் தம்பி கால்குலேட்டரை எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கே இருக்க விட்டது? இரண்டு நாளாக மகள் கொண்டுவந்த புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 0 முதல் 9 வரை எல்லா இலக்கத்தையும் ஒவ்வொரு தடவை போட்டுப் பத்து இலக்க எண் எழுதணும். முதல் இரண்டு இலக்கம் 2ஆல் வகுபடணும், முதல் மூன்று 3ஆல், முதல் நான்கு 4ஆல், இப்படியே போய் முழு எண்ணும் 10ஆல் வகுபடணும். மாற்றி மாற்றி அடுக்கினால் 36,28,800 வரிசை வரும், அதில் தேறுவது ஒன்றே ஒன்று: 3816547290.

"தம்பி, இந்த நம்பர் கிடைக்குமா?"

"சார், மொபைல் நம்பர் 6, 7, 8, 9லதான் ஆரம்பிக்கும்."

இது எனக்கும் தெரியும்தான், ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அதோடு விட்டேனா? ரீசார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்ட ஆரம்பித்தேன். கடைசியில் 0, ஐந்தாவது இடத்தில் 5, இதில் பேச்சே இல்லை. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்தான் உட்காரும், அதனால் மிச்ச இடமெல்லாம் ஒற்றைக்கு. இதிலேயே 576ஆகச் சுருங்கிவிடும். அப்புறம் 3, 4, 6, 8 எல்லாம் சலித்துப் போட்டால் பத்தே பேர் மிச்சம். அதில் ஒன்பது பேரை 7 தீர்த்துக் கட்டிவிடும்!

"கூட்டினா எவ்ளோ வருது?" என்றார் அம்மா.

"நாற்பத்தஞ்சு. அதாவது ஒன்பது."

அம்மா முகத்தில் வெளிச்சம். ஆனால் எப்படி மாற்றி அடுக்கினாலும் அதே ஒன்பதுதான்மா என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைக்க, "அப்ப இதுல என்னடா விசேஷம்?" என்று கேட்டுவிட்டார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

கடைத் தம்பி சுவரில் ஒட்டியிருந்த மாதிரி விண்ணப்பத்தைக் காட்டினார். அதில் 9இல் தொடங்கி 8, 7, 6 என்று படியிறங்கி 0இல் முடிகிற நம்பர். "இது ஆகுமா சார்?"

சிரித்துக்கொண்டேதான் வகுக்க ஆரம்பித்தேன். 98 சரி. 987ஐ மூன்றால் வகுத்தால் 329, சரி. 9876 சரி, 98765 சரி, 987654உம் சரி. எனக்கு லேசாக வியர்த்தது. ஏழுக்கு வந்ததும் 9876543, மீதி 5. அப்பாடா. ஆனால் எட்டுக்குப் போனால் 98765432 கச்சிதமாக வகுபட்டு 12345679 என்று வந்து நிற்கிறது! ஒன்பதும் பத்தும்கூடச் சரி. கடைசிப் பத்துப் பேரில் இவரும் ஒருவர் என்பது வீட்டுத் தாளில் நான் எழுதி வைத்ததுதான், மறந்தே போயிருந்தேன். ஏழு மட்டும் காலை வாரிவிட்டது.

"அஞ்சுதானே சார் மீதி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் தம்பி.

இதற்குள் அம்மா பட்டியலிலிருந்து ஏதோ ஒரு நம்பரைக் கூட்டிப் பார்த்துப் பணமும் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதையும் சோதித்தேன். மூன்றாவது இலக்கத்திலேயே அவுட். ஆனால் முழு எண் மட்டும் ஒன்பதால் சுத்தமாக வகுபடுகிறது.