ஆறு முதல் ஒன்பது வரை: நடைபாதையில் ஏன் அத்தனை கூட்டம்?

2020 மே 1 அன்று தென்னாப்பிரிக்காவில் கொரோனா ஊரடங்கு சற்றுத் தளர்ந்து நான்காம் நிலைக்கு இறங்கியது. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் காலை 6 முதல் 9 மணிக்குள், வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், மாஸ்க்கோடு. அன்று காலையே கேப் டவுன் சீ பாயிண்ட் கடலோரத்தில் தேர்த்திருவிழாக் கூட்டம். கூட்டத்தைக் கலைக்க வந்த விதியே கூட்டம் சேர்த்தது.

ஜனங்களைத் திட்டிப் பயனில்லை. பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. மே மாதம் டர்பனில் பொழுது விடியவே ஆறரை மணி ஆகிவிடும்; அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருட்டோடு தனியாக நடக்க யார் கிளம்புவார்கள்? மூன்று மணி நேரம் என்பது காகிதத்தில்தான், கைக்குக் கிடைத்தது இரண்டரை. ஜூன் 1 முதல் மாலை 6 மணி வரை நீட்டினார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

காட்டுப்பாதையில் சிக்கல் வேறு. கடும் உடற்பயிற்சி செய்பவர் 3 மீட்டர் தள்ளியிருந்தால் மாஸ்க் வேண்டாம் என்று ஜூலையில் விதி வந்தது. கடலோரத்துக்குச் சரி. டர்பனின் சில்வர்கிளென் போன்ற புல்வெளிக் காப்பகத்தின் ஒற்றையடிப் பாதையிலோ எதிரே ஆள் வந்தால் ஒருவர் புல்லுக்குள் இறங்கியே ஆகவேண்டும். பலர் ஒரே இடத்தில் இறங்கினால் புல் செத்து மண் தெரியும். அடுத்த மழை அதை வாய்க்காலாக அறுத்துவிடும்.

போதாததற்கு உண்ணி. புல் நுனியில் தொற்றிக்கொண்டு கால் உரசக் காத்திருக்கும். கடித்து ஒரு வாரம் போல ஆனதும் காய்ச்சல், மண்டையிடி, கடிவாயில் கருத்த பொருக்கு வந்தால் டிக் பைட் காய்ச்சலாக இருக்கலாம். புல்லில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். வழக்கமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து எழுதுவார். ஒட்டியிருக்கும் உண்ணிக்கு எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே முறிந்துவிடலாம்.

நடைக்குழு நடத்துகிறவர்களுக்கு: பாதையை ஒருவழிச் சுற்றாக்குங்கள், எதிரெதிர் சந்திப்பே பெரும்பாலும் இராது. குழுக்களைக் கால் மணி இடைவெளியில் அனுப்புங்கள். வாசலில் பன்னிரண்டு விதி எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை. பாதை பிரியும் இடத்தில் கண் மட்டத்தில் ஒரே ஓர் அம்புக்குறி வையுங்கள், கேட்பார்கள்.

2022 மார்ச்சில் வெளியிடத்தில் மாஸ்க் கட்டாயம் போய்விட்டது. மிதித்து உண்டான பக்கப்பாதை தானாகப் போகாது. அதன் வாயில் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குக் காய்ந்த கிளைகளைக் குறுக்கே அடுக்குங்கள். லந்தானா புதரை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். விதை விழுந்து அங்கேயே முளைத்துக்கொள்ளும்.