நாலரை மணிக்குப் பிறகு

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிவதற்கு முன் குடியாத்தத்தில் படித்தவன் நான். 1954இல் முதலமைச்சரான காமராசர் இடைத்தேர்தலில் நின்று வென்றது நம் தொகுதியில்தான். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டவரும் அவரே என்று ஆண்டுவிழாதோறும் யாராவது ஒரு பிரமுகர் முழங்குவார். அந்தப் பிரமுகர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் டிபன் கேரியர் வரும்.

போகட்டும். சீருடை ஒன்று, பெஞ்சு ஒன்று, பிரம்படியும் ஒன்று. மாலை நாலரை மணி வரை நாங்கள் எல்லாரும் சமம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கணக்கில் புலி. அவன் வீட்டில் அம்மா, அக்காள், ஆயா மூவரும் பீடி சுற்றுவார்கள். ஊறிய இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுவது அவர்கள் பாடு. முனையை மடக்குவது இவன் வேலை. அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்திருந்தான். திங்கட்கிழமைதோறும் நகம் பார்க்கும் டிரில் மாஸ்டர், ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியிலேயே போடுவார். அடுத்த திங்களும் நகம் அப்படியே இருக்கும். ஏன் என்று அவர் கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை.

கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஏஜெண்டு ஒவ்வொரு கட்டாக அமுக்கிப் பார்த்து, இது தளர்வு, அது கோணல் என்று கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அந்தப் பீடியும் திரும்பி வராது. கொடுத்த இலை போதாவிட்டால் சொந்தக் காசில் வாங்கி ஆயிரத்தை நிரப்ப வேண்டும். இதையெல்லாம் எட்டாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் எனக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினான். லாப நட்டப் பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஏஜெண்டின் மகனும் எங்கள் வகுப்புதான். நல்ல பையன், கேட்டவர்களுக்கெல்லாம் பம்பரம் கொடுப்பான்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பீடித் தொழில் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனால் ஒருவர் தம் குடும்பத்தாரை வைத்துச் செய்யும் இடத்துக்குத் தடை இல்லை என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கு! அவன் வீட்டுத் திண்ணையை நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதினார்களோ என்னவோ. அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழிய வேண்டியிருந்ததால் அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வரவில்லை. அவன் முனை மடக்கிய மாலைகளில் நான் டியூஷன் படித்து, அவனைவிடக் குறைந்த மூளையோடு கடல் தாண்டினேன்.

நம் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் பள்ளியின் முதல் மூன்று மதிப்பெண்களுக்குப் பரிசுப் பணம் அனுப்புகிறது. வாங்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான், பெரும்பாலும் டியூஷன் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளும்கூட. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பரிசுத் தொகையில் பாதியை, பள்ளி விட்டதும் வேலைக்கு உட்காரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு, அந்த மாலைக் கூலிக்கு ஈடாக மாதாமாதம் தர வேண்டும். மதிப்பெண் பார்க்கக் கூடாது. மேடையில் ஏற்றிப் படமும் எடுக்கக் கூடாது. யார் யாருக்கு என்று வகுப்பாசிரியரைக் கேட்டாலே தெரிந்துவிடும். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.