தேநீர் ஆறிவிட்டது

"அதுவும் சாத்தியம்தான்." சீனத் துறைமுக நகரான சுவான்சோவில், சண்டைக்கலை ஆசானான முதியவர் ஒருவர் சொன்ன விடைக்கு நான் கொடுத்த தமிழ் இது. சீனத்தில் நான்கு எழுத்துகள், தமிழில் இரண்டு சொற்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் சரிபார்த்தாலும் குற்றம் காண முடியாது. இரண்டு ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும் சமாதானமும் அதுவே.

எனக்குச் சோறு போடுவது கிரானைட். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் கல் வியாபாரிகளோடு சியாமென் கண்காட்சிக்கும் ஷுய்தோவ் கல் சந்தைக்கும் போய், பிளாக்கின் அளவையும் விரிசலையும் தள்ளுபடியையும் இரு பக்கமும் மாற்றிச் சொல்வது என் தொழில். குரங்குப் பாணிச் சண்டைக்கலையைப் படமெடுக்க வந்த குழுவுக்கு ஆறு நாள் மொழிபெயர்த்தது, வழியில் கிடைத்த வேலை. அந்த ஆறு நாளில் ஒரே ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதிலும்தான் இன்னும் என்னை விடவில்லை.

முதியவர் கற்பிப்பது ஊசூச்சுவான், அதாவது ஐந்து மூதாதையரின் குத்துமுறை. போதிதர்மர், சோங் வம்சத்தின் முதல் பேரரசர், அருகதர் என்னும் பௌத்த ஞானி, வெண்கொக்கு, குரங்கு என்று அந்த ஐவரை அவர் விரல்விட்டு எண்ணியபோது, முதல் பெயரைக் கேட்டே இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஐந்தாமவரான குரங்கை அவர்கள் 'ஷிங்ஜெ' என்கிறார்கள். 'மேற்குப் பயணம்' என்ற பழைய சீன நாவலில் குரங்கு நாயகனான சுன் வூகோங்கைக் குறிக்கும் பட்டமும் அதுவே.

எழுபது வயதைக் கடந்த அவர், எழுந்து நின்று காட்டிய குரங்கை நான் மறக்க மாட்டேன். தோள்கள் காதுவரை ஏறின, முகவாய் உள்ளே போயிற்று, விரல்கள் ஐந்தும் ஒன்றுகூடிக் கொக்கிபோல் வளைந்து மணிக்கட்டிலிருந்து தொங்கின. கண்கள் மட்டும் இரண்டு முறை வேகமாகச் சிமிட்டிப் பக்கவாட்டில் எதையோ பார்த்தன. நாங்களும் அங்கே பார்த்தோம். திரும்பியபோது இயக்குநரின் சட்டைப்பையில் இருந்த பேனா முதியவர் கையில் இருந்தது. மேடைக் குரங்குக்குத்தான் எப்போதும் உடம்பு அரிக்கும், சண்டைக் குரங்குக்கு அரிக்காது என்று சொல்லிச் சிரித்தார். முதலில் உடம்பை ஒடுக்க வேண்டும், ஒடுங்கிய உடம்பு தானே பாயும், கண், தொண்டை, முழங்கால் என எலும்பு காக்காத இடங்களுக்கே கை போக வேண்டும் என்றார். 'குரங்கு பீச் பழம் திருடுதல்' என்ற பிடி உடம்பில் எங்கே விழும் என்பதை மட்டும் கேமராவுக்காகக் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அன்று காலைதான் அந்த ஊரின் கையுவான் பௌத்தக் கோயிலில் படம் பிடித்திருந்தோம். 1237-இல் முடிந்த மேற்குக் கற்கோபுரத்தின் நான்காம் அடுக்கில், வாளேந்தி, தலையில் பட்டையும் கழுத்தில் மணிமாலையும் அணிந்த குரங்கு முகக் காவலர் ஒருவர் நிற்கிறார். நாவலின் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிப்பு 1592-இல்தான் வருகிறது. அதே கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னே, இடிந்துபோன சிவன் கோயில் ஒன்றிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு உள்ளன. அவற்றில் ஒன்றில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். இந்த ஊரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அந்தத் தூணில் கை வைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

மாலையில் இயக்குநர் கேட்டார்: "நம்ம அனுமார்தான் இங்க வந்து சுன் வூகோங் ஆயிட்டார்னு ஒத்துக்கிறாரான்னு கேளுங்க சார்." நான் அதை அப்படியே கேட்கவில்லை, சிலர் அப்படிக் கருதுகிறார்கள், ஷிஃபு (ஆசானே), என்ன நினைக்கிறீர்கள் என்று பணிவாக மாற்றிக் கேட்டேன். முதியவர் தேநீர்க் கிண்ணத்தின் மூடியைச் சரித்துவைத்துவிட்டு, இயக்குநரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அந்த நான்கு எழுத்துகளைச் சொன்னார். உடனே, அதே குரலில், "தேநீர் ஆறிவிட்டது" என்றார். இயக்குநரின் கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றினார். முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். இரண்டாவதை விட்டுவிட்டேன்.

ஒரு கல் பேரத்தில் நாளைக்கு நாற்பது முறை தேநீர் குடிக்கச் சொல்வார்கள். எந்த மொழிபெயர்ப்பாளனும் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றால், அதன் பொருள் நம்மில் யாருக்குத் தெரியாது? அதை ஒரு சீனன் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தன் வீட்டாரிடம் போய் "கலந்து பேசப்போகிறார்களாம்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னால் நாம் சிரிப்போம். பத்தாண்டுக்கு மேலாக அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவன் நான். அந்தத் தேநீர், விருந்தாளியின் முகம் வாடாமல் பேச்சை முடித்துவைத்த தேநீர் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைப்பதில்லை.

விவகாரமும் தீர்ந்துபோன ஒன்றல்ல. சுன் வூகோங்குக்கு அனுமனே மூலம் என்று சீன அறிஞர் ஹு ஷி 1923-இல் கருதினார். எழுத்தாளர் லூ சுன், ஹுவாய் ஆற்றில் சங்கிலியிட்டு அடக்கப்பட்ட ஊஜிச்சி என்ற குரங்கு உருவ நீர்ப்பூதத்தைக் காட்டினார். 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கோபுரத்துக்கு 44 ஆண்டுகள் பிந்தியது என்று ஒருவர் வாதிட்டால், தமிழ் வணிகர்கள் கல்வெட்டு வெட்டிய நாளிலா கப்பல் ஏறினார்கள் என்று மற்றவர் கேட்பார். ஆக, சாத்தியம் என்ற சொல்லில் பொய் இல்லை. ஆனால் எது உண்மை என்று சொல்வதற்கு எனக்குக் கூலி கொடுக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று சொல்லத்தான் கொடுத்தார்கள்.

படம் வந்தபோது, "சீன ஆசானே இதை ஏற்கிறார்" என்று பின்னணிக் குரல் ஒலித்தது, கீழே என் வரி ஓடியது. குழுவின் மேல் கோபப்பட்டேன், வசதியாக இருந்தது. பிறகு ஒருநாள் அந்த வரியைத் திரும்பப் பார்த்தபோது 'தான்' கண்ணில் பட்டது. அந்த நான்கு எழுத்துகளில் 'உம்' இருக்கிறது, 'சாத்தியம்' இருக்கிறது, 'தான்' எங்கேயும் இல்லை. அதை இயக்குநர் சேர்க்கவில்லை. காலையில் தூணைத் தொட்ட கைதான் சேர்த்திருக்கிறது.

போன மாதம் ஷுய்தோவில் ஒரு பேரம். எங்கள் விலையைக் கேட்ட சீன வியாபாரி, யோசிக்கலாம் என்றார், பிறகு தேநீர் ஆறிவிட்டது என்றார். இம்முறை ஒன்றையும் விடாமல், அவர் சொன்ன வரிசையிலேயே, தேநீரையும் சேர்த்துச் சொன்னேன்.

"டீ எனக்கு வேணாம்ங்க," என்றார் ஓசூர்க்காரர். "யோசிக்கலாம்னு சொல்றாருல்ல, எத்தனை கன்டெய்னர்னு கேளுங்க."

கேட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தார்.