22ஆம் பெட்டி

பிப்ரவரி 3
தங்கம் தேடித் துளைத்தெடுத்த கல்லின் மாதிரிப் பைகள் ஆய்வகத்துக்கு வண்டியேறின. மொத்தம் 114. ஏழாம் துளையில் 87.35 மீட்டரிலிருந்து 87.80 வரை ஒரே பையாகப் போட்டிருக்கிறேன். இரண்டாகப் பிரித்திருக்கலாமோ?

பிப்ரவரி 4
மழை. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 6
மறுபடி 22ஆம் பெட்டியைத் திறந்தேன், அந்த 87ஆவது மீட்டர்க் கல் இருக்கிற பெட்டி. கோர் என்கிற, துளையிலிருந்து வந்த உருளைக் கல்லை நெடுக்காக அறுத்து ஒரு பாதி ஆய்வகம் போயாயிற்று, மறுபாதி இங்கே. தண்ணீர் தெளித்தால்தான் முகம் காட்டுகிறது. பால் வெள்ளைக் குவார்ட்ஸில் மயிரிழை மயிரிழையாகக் கறுப்பு. லென்ஸில் பைரைட்டின் (இரும்பு சல்பைடு) மினுமினுப்பைக் காணோம், கரி தடவியது போலத்தான் இருக்கிறது. கடுகளவு தடித்திருந்த ஓரிடத்தில் ஊசியால் கீறினேன். பொடியாக உதிரவில்லை, ஈயத்தைக் கீறியது போல வழித்துக்கொண்டு வந்தது. வெள்ளி சல்பைடு இப்படித்தான் கீறுபடும்.

டிரில்லர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "கரிதானே சார், இதுக்கா இத்தனை கும்பிடு?"

1859இல் நெவாடாவின் காம்ஸ்டாக்கில் தங்கம் அரித்தவர்களும் இதே பேச்சுத்தான் பேசினார்கள். தொட்டியை அடைக்கிற கருநீலச் சேறு என்று திட்டித் திட்டி வாரி எறிந்தார்கள். சோதித்துப் பார்த்தால் எறிந்ததில் அவ்வளவு வெள்ளி.

பிப்ரவரி 9
காய்ச்சல். படுத்துக்கொண்டே பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். இந்த மேட்டை எனக்கு முன் மூன்று கூட்டம் தொட்டிருக்கிறது. முதலில் வந்தவர்கள் மேலாகக் கிடந்த தங்கத்தைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டார்கள். காகிதம் எதுவுமில்லை, குழிகள்தான் சாட்சி. அடுத்து வந்தவர்களின் மண் மாதிரிகளில் ஆர்செனிக், ஆன்டிமனி, பாதரசம் எல்லாம் உண்டு, தங்கம்தான் சொற்பம். மூன்றாமவர்கள் ஐந்து துளை போட்டார்கள். ஐந்தும் செங்குத்து! குவார்ட்ஸ் நரம்பே கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கிறது. சுவருக்குப் பக்கத்தில் கயிறு விட்டுப் பார்த்துவிட்டு, சுவரே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதில் வெள்ளிக்குச் சோதிக்கவும் இல்லை.

பிப்ரவரி 10
தூக்கம் வரவில்லை. ஆழத்திலிருந்து ஏறிவரும் 200, 300 டிகிரி வெந்நீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே வர வர அழுத்தம் குறைந்து ஒரு மட்டத்தில் கொதிக்கிறது. தங்கத்தைக் கரைத்துத் தூக்கிவந்தது கந்தகம். கொதித்ததும் ஹைட்ரஜன் சல்பைடு ஆவியோடு ஓடிவிடுகிறது, தூக்கியவன் போனால் தங்கம் அங்கேயே விழ வேண்டியதுதான். அந்த மட்டத்துக்கு மேலே ஆர்செனிக்கும் பாதரசமும் வாசம் மட்டும் காட்டும். ஆக, மேலே தங்கம் சொற்பம் என்பது இந்த மேட்டின் குற்றமே இல்லை. 22ஆம் பெட்டியில், கொதிக்கும்போது படிந்த கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) தகடுகள் கரைந்துபோன இடத்தில், அதே வடிவில் குவார்ட்ஸ் உட்கார்ந்திருக்கிறது. கொதித்ததற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

இதை யாரிடம் வாதாடுகிறேன்? காய்ச்சல் 102.

பிப்ரவரி 13
மின்னஞ்சல் இல்லை.

பிப்ரவரி 16
இந்நேரம் உலையில் இருக்கலாம். கல்மாவோடு ஈய ஆக்சைடு கலந்து உருக்குவார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு ஈயம் அடியில் தங்கும். அதைப் புடம்போட்டால் ஈயம் போய் ஒரு மணி மிஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியும் கரைந்துவிட, பாக்கி தங்கம். தட்டான் வேலைதான், கொஞ்சம் பெரிய வீட்டில்.

ஆனால் எடுப்பது 30 கிராம் மாவு. பெரிய துகள் ஒன்று அதில் விழாமல் போனால்?

சரி, மறுபாதி இருக்கிறது. 1997இல் அம்பலமான, இல்லாத தங்கத்தை இருப்பதாகக் காட்டிய இந்தோனேசியாவின் புசாங் மோசடியில் கோர் கல்லை முழுசாக அரைத்துவிட்டார்கள், சரிபார்க்கப் பாதி வைக்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு போட வேண்டும்.

பிப்ரவரி 18
25ஆம் தேதி டிரில் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். எட்டாம் துளையில் இன்னும் 40 மீட்டர் பாக்கி.

பிப்ரவரி 19
பூட்டு போட்டேன். சாவியை எங்கே வைத்தேன் என்று அரை நாள் தேடினேன்.

பிப்ரவரி 21
வந்துவிட்டது. 87.35 முதல் 87.80 வரை, தங்கம் டன்னுக்கு வெறும் 1.9 கிராம். வரிசை மாறிப் பார்க்கிறேனோ என்று விரலை வைத்துப் பார்த்தேன். அதேதான்.

அப்புறம்தான் பக்கத்துக் கட்டம் கண்ணில் பட்டது. வெள்ளி: ">100". அந்த முறை 100 கிராமுக்கு மேல் அளக்காது, வேறு முறையில் மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் பத்து நாள். 101 ஆகவும் இருக்கலாம், 2,000 ஆகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 22
"எவ்வளவு சார்?" என்றார் அண்ணன்.

"நூறுக்கு மேலே."

"மேலேன்னா?"

பெட்டியைத் திறந்து மறுபடி தண்ணீர் தெளித்தேன்.