செயலாளர் அறிக்கை வாசிப்பார்

பாடசாலை மன்றங்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுத நம்மிடம் ஆட்கள் ஏராளம். ஒவ்வொரு மலரிலும் அதே நூறு மீற்றர் மறுபடி ஓடப்படுகிறது, ஒவ்வொரு தடவையும் நேரம் கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, கோப்பை எதுவும் கிடைக்காத பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வகுப்பு மாணவர் மன்றம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கூடும். தலைவர் ஆசிரியரின் கதிரையில் உட்காருவார். செயலாளர் எழுந்து, கடந்த கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். ‘திருத்தம் ஏதும் உண்டா?’ என்று தலைவர் கேட்பார். இல்லையென்றால் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, தலைவர் கையொப்பம் இடுவார். அதற்குப் பிறகுதான் பேச்சு, பாட்டு, விடுகதை எல்லாம். வகுப்பாசிரியர் கடைசி வாங்கில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருப்பார், எதையும் கேட்காதவர் போல. சண்டை முற்றினாலும் தலை நிமிரமாட்டார். அந்த நிமிராத தலைதான் எங்களைப் படிப்பித்தது என்று இப்போது நினைக்கிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும் எதிராளியைப் பார்த்துப் பேச முடியாது, ‘தலைவர் அவர்களே’ என்று தொடங்கித்தான் திட்ட வேண்டும். அப்படித் தொடங்கினால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் இதே ஒழுங்குதான். அறிக்கை ஏற்கப்படும் முன்னரே ‘நான் ஒன்று சொல்ல வேண்டும்’ என்று எழும்புகிறவர்கள், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை மைதானத்தில் கழித்தவர்கள் என்பது என் துணிபு. பெயர் சொல்லவில்லை.

மேல் வகுப்புக்குப் போனதும் சஞ்சிகைக் குழுவில் சேர்ந்தேன். முதலில் கையெழுத்துச் சஞ்சிகை. ஒரே ஒரு பிரதி, நல்ல கையெழுத்து உள்ளவன் எழுதுவான், படம் கீறத் தெரிந்தவன் அட்டை போடுவான். அது கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்து திரும்பி வரும். பிறகு அலுவலகத்து ரோணியோ இயந்திரத்தைப் பாவிக்க அனுமதி கிடைத்தது. இளையவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். மெழுகு பூசிய ஸ்ரென்சில் தாளைத் தட்டச்சில் ஏற்றி, மை நாடாவை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். எழுத்தின் உலோக விளிம்பு மெழுகை வெட்டும். அந்தத் தாளை உருளையில் சுற்றிக் கைபிடியைச் சுழற்றினால், வெட்டுப்பட்ட இடங்களின் வழியாக மை கசிந்து காகிதத்தில் பதியும். மெல்ல அடித்தால் எழுத்து விழாது. ஓங்கி அடித்தால் சுழி உள்ள எழுத்துகளின் நடுமெழுகு வட்டமாகப் பெயர்ந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக வரும். பிழை விட்டால் நகப்பூச்சு மாதிரி மணக்கும் ஒரு திரவத்தைத் தடவி, காயும்வரை ஊதி, அதன்மேல் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று பூச்சுக்கு மேல் தாள் தாங்காது. இதனால் எங்கள் எழுத்தாளர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் வந்தது: கவிதையைத் தட்டச்சுக்குக் கொடுக்க முன்னரே திருத்தி முடித்துவிடுவார்கள். இப்போது இந்த மலருக்கு வரும் ஆக்கங்களுக்கும் அப்படி ஒரு தடை இருந்தால் தொகுப்பாசிரியருக்கு நித்திரை கிடைக்கும்.

வானியல் கழகம் பிறந்தது ஹேலி வால்வெள்ளியால். 75, 76 வருடத்துக்கு ஒருமுறை வருவது, 1986இல் வந்தது. அது சூரியனுக்கு மிகக் கிட்ட வந்த பெப்ரவரி 9ஆம் திகதி, பூமியோ சூரியனுக்கு மறுபக்கத்தில் நின்றது. அதனால் அந்த வருகை மங்கலாகவே போயிற்று. பத்திரிகைகள் காட்டிய பெரிய வாலை எதிர்பார்த்து வந்தவர்கள், விடியற்காலை வானில் ஒரு பஞ்சுத் துணுக்கைப் பார்த்துவிட்டு ‘இதுக்கா எழுப்பினீங்கள்?’ என்றார்கள். ஆனால் கழகம் கலையவில்லை. பௌதிக ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு இருட்டைப் பழக்கிவிட்டார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும், ஒருவன் ரோர்ச் அடித்தால் எல்லாருக்கும் அது முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எல்லா ரோர்ச்சுக்கும் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினோம். மங்கலான பொருளை நேராகப் பார்க்காதே, கொஞ்சம் ஓரமாகப் பார் என்பார். விழித்திரையின் நடுவில் மங்கிய ஒளியை உணரும் கலங்கள் இல்லை என்பது விலங்கியல் பாடத்தில் மனப்பாடம் செய்த வரிதான். அது உண்மை என்று நம்பியது அந்த இருட்டில். அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியொட்டோ விண்கலம் வால்வெள்ளியின் கருவுக்கு 600 கிலோமீற்றர் அளவு கிட்டப் போய்ப் படமெடுத்தது. அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். அடுத்த வருகை 2061இல். நம்மில் யார் யார் பார்ப்போம் என்ற கணக்கு இங்கே வேண்டாம்.

முதலுதவிப் படையில் இருந்தவர்களுக்கு ஒரு தனி விஷயம் சொல்ல வேண்டும். முக்கோணத் துணியால் கையைத் தூக்கிக் கட்டும் முறை மாறவில்லை: காயப்பட்ட பக்கத்துத் தோளில், காறையெலும்புக்கு மேலே உள்ள குழிவில் முடிச்சு வர வேண்டும். ‘வலது இடதின் மேல், இடது வலதின் மேல்’ என்று பாட்டாகப் பாடிப் போட்ட அந்தத் தட்டை முடிச்சும் அப்படியே. ஆனால் நின்றுபோன இதயத்துக்குச் செய்வது மாறிவிட்டது. நாங்கள் படித்தது முதலில் சுவாசப்பாதை, பிறகு மூச்சு, அதன் பிறகே நெஞ்சை அழுத்துதல். தனியாள் என்றால் 15 அழுத்தலுக்கு 2 மூச்சு. 2005இல் அது 30க்கு 2 ஆனது. 2010இல் வரிசையே மாறி, வளர்ந்தவர்களுக்கு அழுத்தல் முதலில் வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். ஆகவே ‘எங்களுக்குத் தெரியும்’ என்று மார்தட்டும் பழைய படையினர், தயவுசெய்து ஒரு நாள் வகுப்புக்குப் போய் வாருங்கள். நான் போய்வந்தேன், மறுநாள் முழங்கால் பேசியது.

சாரணர் இயக்கத்தைப் பற்றி வேறு ஒருவர் எழுதுவதாகக் கேள்வி, அதை விட்டுவிடுகிறேன். சதுரங்கக் கழகம் அமைதியானது, சொல்ல ஒன்றும் இல்லை. றொட்டரி இயக்கத்தின் மாணவர் பிரிவான இன்ரரக்ட் கழகம் 1962இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 23 மாணவர்களோடு தொடங்கியது என்று எங்கள் கழகத் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். வேறு எதை மறந்தாலும் அந்த 23 மறக்கவில்லை.

விவாத அணியில் எனக்குப் பிடித்தது நாணயச் சுண்டல். எந்தப் பக்கம் பேசுவோம் என்பது கடைசியில்தான் தெரியும், ஆகவே இரண்டு பக்கத்துக்கும் குறிப்பு எடுக்க வேண்டும். தான் நம்பாததைத் திறமாகப் பேசிவிட்டு வந்தவன், வீட்டில் சாப்பிடும்போது தன் கட்சியிலேயே சந்தேகப்படத் தொடங்குவான். பெற்றோருக்கு இது பிடிக்காது.

இப்போது மன்றங்கள் சான்றிதழுக்காக நடக்கின்றன என்று குறைப்படுகிறவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. நாங்களும் விடுகைப் பத்திரத்தில் ஒரு வரி கூடுதலாக வர வேண்டும் என்று சேர்ந்தவர்கள்தான். சேர்ந்த காரணம் எதுவானாலும், உள்ளே செய்ய வேலை இருந்தால் பிள்ளை நிற்கும். எனக்குப் பயமெல்லாம், தலைவர், உபதலைவர், இணைச்செயலாளர் என்று பதவி நிறையவும் வேலை இல்லாமலும் இருக்கும் கழகங்களைப் பார்த்துத்தான். சின்னமும் ரீசேட்டும் முதல் கூட்டத்திலேயே தயாராகிவிடும், இரண்டாவது கூட்டம் நடக்காது.

நம் சங்கம் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் அனுப்புகிறது, நல்லது. வரும் பாதீட்டில் ஒரு சிறு தொகையைக் கழகங்களுக்கென்று ஒதுக்கலாம். என் பட்டியலில் முதலாவது, நெஞ்சை அழுத்திப் பழகும் பயிற்சிப் பொம்மைகள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும் வகை வேண்டும். ஒன்று போதாது. வகுப்புக்கு ஒரு பொம்மை என்றால் முன்வரிசையில் நிற்கும் நாலு பேர்தான் பழகுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எதை வாங்குவது என்று முதலில் அங்கே பொறுப்பாக உள்ள ஆசிரியரையும் பிள்ளைகளையும் கேட்போம், அவர்களுக்கு வேறு தேவை இருக்கலாம்.